7302பி என்று காசு வாங்கி 7301 அனுப்பிவிட்டார்கள்: பழைய சர்வர் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

ஜிஎஸ்டி பில் போட்டு, பெட்டி முழுக்கத் தெர்மாகோல் அடைத்து, வாசலில் கொண்டுவந்து இறக்கி ஏமாற்றினால் எப்படி இருக்கும்? 1,46,000 ரூபாய் கொடுத்து அதைத்தான் வாங்கி வைத்திருக்கிறேன். 7302பி, 7301 இரண்டும் ஏஎம்டி கம்பெனியின் 'எபிக்' சர்வர் சிப்புகள் (பிராசஸர்கள்). புதியதற்குக் காசு வாங்கிக்கொண்டு பழையதை வைத்து அனுப்பிவிட்டார்கள். இந்த வாரம்தான் தெரிந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சேலம் சூரமங்கலத்தில் எனக்குச் சின்ன அலுவலகம். ஆத்தூர் பக்கத்து சேகோ ஆலைகள், சங்ககிரி லாரி ஆபீஸ்கள், செவ்வாய்ப்பேட்டையில் சில கொலுசுக் கடைகள் எல்லாம் எங்கள் சர்வருக்குள் ரிமோட்டில் வந்துதான் டேலியில் (கணக்கு எழுதும் மென்பொருள்) வேலை செய்கிறார்கள். மாதக் கடைசியில் பழைய சர்வர் மூச்சு வாங்கியது. புதுசு வாங்க வசதியில்லை, ரீஃபர்பிஷ்ட், அதாவது புதுப்பித்த பழசு, பார்த்தேன். இன்டெல்லின் சியான் ஈ5-2680 வி4 சிப் இரண்டு போட்ட பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன, ஆனால் சிப்புக்கு 14 கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) வீதம் 28 கோர். விண்டோஸ் சர்வர் லைசென்ஸைக் கோர் கணக்கில்தான் வாங்க வேண்டும். குறைந்தபட்சமே 16 கோருக்கு என்பதால், 16 கோர் உள்ள ஒற்றை சிப் இருந்தால் கட்டுகிற காசு வீணாகாது. அதனால்தான் ஏஎம்டி எபிக் பக்கம் போனேன்.

விற்றது, கம்பெனிகள் கழித்துப் போடும் சர்வர்களை வாங்கிப் புதுப்பித்து விற்கும் ஓர் ஆன்லைன் கடை. பெயர் இப்போது வேண்டாம். போனில் பேசிய தம்பி தமிழ்ப் பையன். "அம்மா ஊர் ஆத்தூர்தாங்ண்ணா" என்றான். நான் கேட்பதற்கு முன்பே, "ரெண்டு பெட்டி இருக்குங்ண்ணா, ரெண்டுமே 16 கோர், ஆனா ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க" என்று ஆரம்பித்து, வாட்ஸ்அப்பில் ஓர் அட்டவணையே போட்டு அனுப்பினான். 7301 போட்டது 98,000. 7302பி போட்டது 1,46,000.

அந்த அட்டவணையில் ஒரு தப்பு கிடையாது. அதைத்தான் தாங்க முடியவில்லை. 7301 என்பது 2017-இல் வந்த முதல் தலைமுறை, அதற்கு ஏஎம்டி வைத்த பெயர் நேப்பிள்ஸ். அடிப்படை வேகம் 2.2 ஜிகாஹெர்ட்ஸ், எகிறினால் 2.7. எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் அவசர மெமரி) 64 எம்பி. மெமரி (ரேம்) வேகம் 2666 வரைதான். டிஸ்க், கார்டுகளை இணைக்கும் பிசிஐஇ 3.0. உள்ளே நான்கு துண்டுகளாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தன் பங்கு மெமரி, பக்கத்துத் துண்டின் மெமரியைத் தொட வேண்டுமென்றால் தாமதம். 7302பி என்பது 2019 ஆகஸ்டில் வந்த இரண்டாம் தலைமுறை, ரோம். 3.0 ஜிகாஹெர்ட்ஸ், எகிறினால் 3.3. கேஷ் 128 எம்பி. மெமரி 3200. பிசிஐஇ 4.0. மெமரியைக் கவனிக்க நடுவில் தனித் துண்டு. கடைசியில் வரும் 'பி', ஒரே ஒரு சிப் போடும் (ஒற்றை சாக்கெட்) மதர்போர்டுக்கு மட்டும் என்று அர்த்தம். எனக்கு அது போதும். முந்தைய தலைமுறையைவிட ஒரே வேகத்தில் சுமார் 15 சதவீதம் கூடுதல் வேலை செய்யும் என்று ஏஎம்டியே சொன்னது, அதற்கு மேல் இந்த வேக வித்தியாசமும் சேர்கிறது. டேலிக்குக் கோர் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேகம் என்பதுதான் கணக்கு. கரண்ட் விஷயத்திலும் பாருங்கள்: 7302பி 155 வாட், 7301-ஓ மெமரி வேகத்தைப் பொறுத்து 155 அல்லது 170. மெதுவாக ஓடுவதுதான் அதிகம் சாப்பிடும்.

"48,000 கூட ஆனாலும் இதுதாங்ண்ணா உங்களுக்கு" என்றான். சரியாகத்தான் சொன்னான். வீடியோ காலில் ஒரு பெட்டியை ஓடவிட்டுத் திரையைக் காட்டினான், 7302பி என்று தெளிவாக வந்தது. ரேம் மட்டும் 64 ஜிபி காட்டியது, நான் கேட்டது 128. "மீதி பேக்கிங்ல போட்டுடுவோங்ண்ணா." அவ்வளவு விவரமாக எடுத்துச் சொல்கிறவன் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? கம்பெனி கரண்ட் அக்கவுண்டுக்கே முழுப் பணம் 1,46,000 அனுப்பினேன்.

பெட்டி வந்தது. பின்பக்கம் 'க்யூசி பாஸ்ட்' ஸ்டிக்கர், மூடியில் கறுப்பு மார்க்கரில் 7302பி. ஆன் செய்தால், விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் திரையில் மெமரி வேகம் 2666. உடனே போன் போட்டேன். "போர்டு பழசுங்ண்ணா, முதல் தலைமுறை போர்டுல ரோம் போட்டா அப்படித்தான்." இதில் உண்மையும் இருக்கிறது. அந்தப் பழைய போர்டுகள் சிலவற்றில் ரோம் சிப் போட்டாலும் பிசிஐஇ 3.0 வேகம்தான் வரும். சரி என்று விண்டோஸ் போட்டோம். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், எபிக் 7301. 2.20 ஜிகாஹெர்ட்ஸ். கேஷ் 64 எம்பி.

"விண்டோஸ் தப்பா காட்டும், பயாஸ் அப்டேட் பண்ணுங்க" என்றான் அடுத்து. அப்டேட் போட்டால் 64 எம்பி கேஷ் 128 ஆகிவிடுமா? வீடியோ எடுத்துக்கொண்டே, சிப்பின் மேல் சூட்டை இழுக்க வைத்திருக்கும் ஹீட்சிங்கைக் கழற்றினோம். காய்ந்து சுண்ணாம்பாகிப்போன தெர்மல் பேஸ்ட். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கத் துடைக்க சிப்பின் மூடியில் எழுத்து வந்தது: ஏ, எம், டி, எபிக், 7, 3, 0... கடைசியில் 1. பக்கத்தில் நின்ற எங்கள் பையன், "அண்ணா, விடுங்க" என்று என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டான்.

அதன்பிறகு ஆத்தூர்த் தம்பி போனை எடுப்பதில்லை. வேறொருவர் எடுத்து, "சார், ரெண்டும் 16 கோர்தானே, உங்க வேலைக்கு இதுவே போதும்" என்கிறார். எனக்கு எது போதும் என்று இவர் சொல்கிறார்! "டிஸ்பாட்ச்ல மாறியிருக்கும், ஓனர் வரட்டும்" என்றார்கள். ஓனர் இன்னும் வந்தபாடில்லை. அப்புறம், "நீங்க ஹீட்சிங் கழட்டிட்டீங்க, வாரண்டி போச்சு, சிப்பை நீங்களே மாத்தலைன்னு எப்படி நம்புறது?" கழற்றிய வீடியோவையும், கழற்றுவதற்கு முன் எடுத்த டாஸ்க் மேனேஜர் படத்தையும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கடைசியாக, "5,000 ரூபாய் அட்ஜஸ்ட் பண்ணித் தர்றோம், கேஸ் க்ளோஸ் பண்ணிக்கலாம்" என்று ஒரு மெசேஜ். 1,46,000 வாங்கிக்கொண்டு 5,000! வித்தியாசமே 48,000 என்று அவர்கள் அட்டவணையே சொல்கிறது.

"ஜிஎஸ்டி பில், பிசினஸ் பர்ச்சேஸ், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்றும் மிரட்டிப் பார்த்தார்கள். வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்பது பொது விதி. ஆனால் சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியிருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது, அவர்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். சேலம் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. இந்த எபிக் நம்பர்களில் கடைசி இலக்கம்தான் தலைமுறை: 1 நேப்பிள்ஸ், 2 ரோம், 3 மிலான். வீடியோ காலில் சிப் பெயரோடு பெட்டியின் சீரியல் நம்பரையும் ஒரே ஷாட்டில் காட்டச் சொல்லுங்கள், அதே நம்பர் பில்லில் வர வேண்டும். தனிச் சிப் வாங்கினால், முன்பு எந்தக் கம்பெனி போர்டில் இருந்தது என்று கேளுங்கள். சிலதை அந்தக் கம்பெனி போர்டுக்கே பூட்டியிருப்பார்கள், வேறெதிலும் ஆன் ஆகாது. பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டால் விட்டுவிடுங்கள்.

இன்று காலை அந்தக் கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே படம், அதே 7302பி, அதே 1,46,000. கீழே சிவப்பில், 'இன்னும் 2 மட்டுமே உள்ளது'. யாராவது ஆர்டர் போட்டிருந்தால் நிறுத்துங்கள். ஏற்கெனவே பெட்டி வந்திருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், மனுவில் சேர்த்துக்கொள்ளலாம்.