ஹட்டன் திருமண ஆயத்த வகுப்பு: காலை அமர்வு அருமை, பகலுக்குப் பிறகு அவசரம்

ஹட்டன் பக்கத்து ஆலயம் ஒன்றில் நடக்கும் ஒருநாள் திருமண ஆயத்த வகுப்பில், காலை அமர்வு முழுவதும் ஆதித் திருச்சபை திருமணத்தையும் துறவையும் எப்படிப் பார்த்தது என்பதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. கலியாணம் பேசி முடித்தவர்கள் மட்டுமல்ல, "இன்னும் ஏன் கட்டல?" என்று தோட்டத்து லயத்தில் கேள்வி கேட்கப்படுகிறவர்களும் போக வேண்டிய வகுப்பு.

திருத்தூதர் பவுலின் கடிதத்துக்குப் போகுமுன் உரோமைச் சட்டத்தை எடுத்ததுதான் இதன் பலம். பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 18இலும் கி.பி. 9இலும் கொண்டுவந்த சட்டங்களின்படி 25 முதல் 60 வயதுவரை ஆணும், 20 முதல் 50 வரை பெண்ணும் மணமானவராக இருக்க வேண்டும். மணமாகாதவருக்கு நெருங்கிய உறவுக்கு வெளியிலிருந்து உயில் சொத்து கிடைக்காது. பிள்ளையில்லாத தம்பதிக்குப் பாதிதான். கைம்பெண்ணுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு வருடம், அதற்குள் மறுமணம் செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு விதவையிடம் "இப்படியே இருந்தாலும் நல்லது" என்று பவுல் சொன்னது எவ்வளவு பெரிய விடுதலை என்பது அப்போதுதான் விளங்குகிறது. பேரரசர் கொன்ஸ்தந்தைன் கி.பி. 320இல்தான் அந்தத் தண்டனைகளை நீக்கினார்.

அடுத்து 1 கொரிந்தியர் 7, அதாவது கொரிந்து நகரச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 7ஆம் அதிகாரம். "பெண்ணைத் தொடாமல் இருப்பது ஆணுக்கு நல்லது" என்ற முதல் வசனத்தோடு நிறுத்துவதால்தான் பவுல் தாம்பத்தியத்தை வெறுத்தவர் என்ற எண்ணம் வருகிறது. அந்த வசனம் கொரிந்தியர் எழுதிக் கேட்டதற்கான பதில். அது அவர்களுடைய கூற்றே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். 3, 4, 5ஆம் வசனங்களைச் சேர்த்து வாசித்தால், மனைவியின் உடல்மேல் கணவனுக்கு உள்ள அதிகாரம் கணவனின் உடல்மேல் மனைவிக்கும் உண்டு என்று வருகிறது. பிறகு 25ஆம் வசனம்: கன்னிமை பற்றி ஆண்டவரின் கட்டளை தன்னிடம் இல்லை என்கிறார். வகுப்பை நடத்தும் பாதர் இந்த மூன்று இடங்களிலும் நிறுத்தி சோடிகளை வாய்விட்டு வாசிக்க வைக்கிறார். மிகச் சரியான முறை.

பகலுக்குப் பிறகு தடுமாற்றம். பவுலிலிருந்து ஒரே தாவலில் ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதிய ஆயர் அகுஸ்தீனுக்குப் போகிறார்கள். நடுவில் 300 வருடத்துக்கு மேல் காணாமல் போகிறது. திருமணத்தையே பாவம் என்று சொன்ன இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் தாசியானையும், அவரைப் போன்றவர்களை எதிர்த்துத் திருமணத்தைக் காத்து எழுதிய ஆசிரியர் அலெக்சாந்திரியா கிளமெந்தையும் சொல்லவேயில்லை. இது சின்னக் குறையல்ல. திருமணமான குருவிடம் நற்கருணை வாங்க மறுப்பவரைச் சபித்தது நான்காம் நூற்றாண்டில் காங்கிராவில் ஆயர்கள் கூடிய சங்கம். அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினின் எல்விரா சங்கம் குருக்கள் மனைவியரோடு உறவு கொள்ளாதிருக்கச் சொன்னது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் சபை ஒரே குரலில் பேசவில்லை என்பது தெரியும். கன்னியரும் மணமானவரும் தகுதியில் சமம் என்று வாதிட்ட துறவி யோவினியானுக்கு 393இல் விவிலிய அறிஞர் ஜெரோம் எழுதிய மறுப்பு, ஜெரோமின் நண்பர்களே சங்கடப்படும் அளவுக்குக் காரமானது. அகுஸ்தீன் 401 வாக்கில் திருமணத்தின் நன்மை பற்றி எழுதியது அந்தச் சண்டைக்குப் பிறகு. சண்டையைச் சொல்லாமல் பிள்ளைப்பேறு, பிரமாணிக்கம், முறியாத பந்தம் என்ற மூன்று நன்மைகளைக் கரும்பலகையில் எழுதினால், பிள்ளைகள் பாடமாக்கிவிட்டுப் போவார்கள்.

வகுப்பைச் சனிக்கிழமை வைப்பதையும் மாற்ற வேண்டும். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு ஒருநாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகிறது. ஞாயிறு பூசைக்குப் பிறகு வைத்தால் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளைகளும் வருவார்கள். போகிறவர்கள் ஆளுக்கொரு விவிலியம் கொண்டுபோங்கள். அங்கே பக்கம் பிரதி எடுத்துத் தருவது 7ஆம் அதிகாரத்தின் பாதியோடு நின்றுவிடுகிறது, விதவைகள் பற்றிய 39, 40ஆம் வசனங்கள் அதில் இல்லை.