முழுப்பேரும் கிருபையும்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கத்தோலிக்க வீடும் உண்டு, புரொட்டஸ்தாந்து வீடும் உண்டு. ரோமர் 5:1-ஐ எடுத்தால், ஒரு வீட்டு வேதாகமத்தில் ‘நீதிமான்கள்’ என்று இருக்கும். அடுத்த வீட்டில் ‘ஏற்புடையவர்கள்’. கிரேக்கச் சொல் ஒன்றுதான். கடவுள் முன் மனிதர் எப்படி நீதிமானாகிறார் என்பதில்தான் இரண்டு வீட்டுக்கும் வாதம்.

புரொட்டஸ்தாந்து சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரின் வழியில் இது கடவுள் தரும் ஒரு தீர்ப்பு: கிறிஸ்துவின் நீதி நம் கணக்கில் எழுதப்படுகிறது, விசுவாசம் அதைக் கை நீட்டி வாங்குகிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு இதன் கனம் தெரியும். கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலி; நிறைந்தால் முழுப்பேர். உழைத்தவருக்குக் கூலி கடன், கிருபையல்ல என்கிறார் பவுல், ரோமர் 4-இல். வெறுங்கூடைக்கு முழுப்பேர் விழுந்தால்தான் அது கிருபை. தோட்டத்தில் பேர் போடும் எந்தக் கணக்கப்பிள்ளையும் அப்படிப் போட்டதில்லை, அது வேறு கதை.

1547-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் வகுத்த கத்தோலிக்கப் போதனை பேர் போடுவதோடு நிற்பதில்லை. அருள் (கிருபைக்கு அவர்கள் சொல்) ஆளையே உள்ளுக்குள் புதுப்பிக்கிறது. நம்பிக்கை அன்பில் செயல்படுகிறது. செயல் இல்லாத நம்பிக்கை செத்தது என்று வேதாகமத்தின் யாக்கோபு நிருபத்தைக் காட்டுவார்கள். அவர்கள் மீட்பைக் கூலியாகக் கேட்கிறார்கள் என்பது தப்பு; அங்கும் தொடக்கம் அருளே.

1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லூதரன்களும் இந்தக் கேள்வியில் அடிப்படையில் ஒத்துப்போய்க் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள்.

எனக்கு மனசு ஆறுவது முதல் வழியில். ஆனால் அடுத்த வீட்டு அக்கா, மழையில் தூக்குச்சட்டியோடு காய்ச்சல்காரருக்குக் கஞ்சி கொண்டுபோகும்போது, நான் வாதத்தை நிறுத்திக் குடையைத் தேடுவேன்.