போட்டா பாடணும், அணைச்சா அணையணும்: அப்பாவுக்காகக் கட்டிய பாட்டுப்பெட்டி

அப்பா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். “சுவிட்சைப் போட்டா பாடணும், அணைச்சா அணையணும். நடுவுல எதையும் தொட்டுத் தேய்க்கச் சொல்லாதேம்மா.”

மயிலாடுதுறை வீட்டில் அவருடைய டேப் ரிக்கார்டர் போன வருஷம் நின்றுபோனது. பெல்ட் மாற்றினோம், ஹெட்டைத் துடைத்தோம், கடைசியில் மோட்டாரே தளர்ந்துவிட்டது என்று தெரிந்தது. பீரோவில் 118 கேசட். அவற்றில் பாதிக்கு மேல் கடையில் வாங்கியவை அல்ல. கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் சின்ன மோனோ ரிக்கார்டரைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாவே பதிந்த நாதஸ்வரம். விடிகாலை நாலரைக்கு எழுந்து காபி போட்டுக்கொண்டு அதைக் கேட்பது அவருடைய நாற்பது வருஷப் பழக்கம். அது நின்றதும் வீடே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நான் பாலிடெக்னிக் ஒன்றில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்க்கிறேன். ஈயம் வைக்கத் தெரியும், லினக்ஸ் ஓரளவு பழக்கம். கடையில் விற்கும் புளூடூத் ஸ்பீக்கர் எதுவும் அப்பாவின் நிபந்தனைக்கு ஒத்துவரவில்லை. எல்லாமே கைப்பேசியைக் கேட்டன. ஆகவே ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கம்ப்யூட்டர் பலகையை வைத்து நானே ஒன்று கட்டினேன். ஏழு மாதமாக ஓடுகிறது. அதில் எது தேறியது, எது தொல்லை கொடுத்தது என்பதை இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பலகை. 65 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம். நான்கு கோர், 1 கிகாஹெர்ட்ஸ், 512 எம்பி ரேம். பாட்டு மட்டும் பாட இது தாராளம். ஃப்ளாக் என்ற, தரம் குறையாமல் சுருக்கிய ஒலிக்கோப்பை விரித்துப் பாடும்போதுகூட அது வேலை செய்கிற மாதிரியே தெரியாது. விசிறி வேண்டாம், ஆகவே இரைச்சலும் இல்லை. 2021-இல் வெளிவந்தபோது விலை 15 டாலர்; எனக்கு 1,750 ரூபாய்க்குக் கிடைத்தது. ஹெட்ஃபோன் துளை இதில் கிடையாது. அதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள், எனக்கு அது குறையாகப் படவில்லை. லேபில் இருந்த பழைய பை 3 பலகையின் ஹெட்ஃபோன் துளையில் முதலில் கேட்டுப் பார்த்தேன். அது உண்மையான டாக் (எண்களை ஒலிச் சிக்னலாக மாற்றும் சிப்) இல்லை, துடிப்பகலத்தை மாற்றி ஒலியை உண்டாக்கும் மலிவான ஏற்பாடு. தவில் ஓங்கி ஒலிக்கும்போது தெரியாது. தவில் நின்று, சுருதி பிடிக்கும் ஒத்து மட்டும் மெல்லக் கேட்கும் இடத்தில் அடியில் ஒரு சீறல் வந்துகொண்டே இருந்தது. கேசட்டிலேயே சீறல் உண்டு. அதன் மேல் இன்னொன்று எதற்கு?

அதனால் தனி டாக் பலகை வாங்கினேன். பிசிஎம்5102ஏ என்ற டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் வைத்த ஊதா நிறப் பலகை. யார் செய்தார்கள் என்ற பெயரே அதில் இருக்காது, 380 ரூபாய். இந்த முழு வேலையிலும் கொடுத்த காசுக்கு மேல் பலன் தந்த பொருள் இதுதான். ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்க 2.1 வோல்ட் வரை சுத்தமான லைன் அவுட் வருகிறது. வெளியீட்டில் கெபாசிட்டர் போட வேண்டியதில்லை. அதற்குத் தனியாக எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஐ-ஸ்கொயர்-எஸ் என்ற, சிப்புகளுக்கிடையே ஒலி எண்களைக் கடத்தும் இணைப்பு வழியாக எண்களை அனுப்பினால் ஒலியாக்கித் தருகிறது. மூன்றே சிக்னல் கம்பி: பிசிகே பையின் 12-ஆம் பின்னுக்கு, எல்சிகே 35-க்கு, டிஐஎன் 40-க்கு. பிறகு 5 வோல்ட்டும் கிரவுண்டும்.

ஆனால் இரண்டு நாள் அதில் சத்தமே வரவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நிறையப் பேர் இங்கேதான் பலகை கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். பலகையின் பின்பக்கம் நான்கு இடத்தில் மூன்று மூன்று ஈயப் புள்ளிகள் இருக்கும். நடுப்புள்ளியை எச் பக்கமோ எல் பக்கமோ ஈயம் வைத்து இணைக்க வேண்டும். 1, 2, 4 மூன்றும் எல் பக்கம். 3 மட்டும் எச் பக்கம். மூன்றாவது, சிப்பின் மௌனப் பின். அது எச் பக்கம் இணைக்கப்படாவிட்டால் எவ்வளவு எண்களை அனுப்பினாலும் சிப் வாய் திறக்காது. சில பலகைகள் இந்த இணைப்போடு வருகின்றன, எனக்கு வந்தது வெறும் புள்ளிகளாக வந்தது. அதேபோல் முன்பக்கம் எஸ்சிகே என்ற பின் அருகே ஓர் இணைப்பு இருக்கும். அதை கிரவுண்டோடு சேர்த்துவிட வேண்டும். அப்போதுதான் சிப் தனக்கு வேண்டிய கடிகாரத் துடிப்பைத் தானே உள்ளே உண்டாக்கிக்கொள்ளும். மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு பின்னாகப் பார்த்த பிறகே இது பிடிபட்டது. ஈயம் வைத்த அடுத்த நிமிஷம் நாதஸ்வரம் கேட்டது. லேபில் தனியாக இருந்தேன். கைகொட்டிவிட்டேன்.

மென்பொருள் பக்கம் இன்னொரு சின்னக் கண்ணி. இந்தப் பலகையை அடையாளம் காட்ட கன்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் ஹைஃபைபெர்ரி டாக் என்று ஒரு வரியைச் சேர்த்தால் போதும். அந்தக் கோப்பு ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் 2023-இல் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து பூட் அடைவுக்குள் ஃபர்ம்வேர் என்ற உள் அடைவுக்கு இடம் மாறிவிட்டது. பழைய வழிகாட்டிகள் பழைய இடத்தையே சொல்லும்.

எந்த மென்பொருள்? மூடே என்ற இலவசப் பிளேயரை முதலில் போட்டேன். கைப்பேசியில் பிரவுசரைத் திறந்து பாட்டைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு அதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. டாக் பலகையின் பெயரைப் பட்டியலில் தேர்ந்தெடுத்தால் மீதியை அதுவே செய்துகொள்ளும், தமிழ்ப் பெயர்களும் ஒழுங்காகத் தெரியும். என் வீட்டில் இன்றும் அதுதான். அப்பாவுக்கு அது சரிப்படாது. அவருக்கு வேண்டியது பொத்தான்கள். ஆகவே வெறும் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் லைட், அதன் மேல் எம்பிடி (மியூசிக் பிளேயர் டீமன்) என்ற, பின்னணியில் ஓடிப் பாட்டுப் பாடும் நிரல், பொத்தானை அழுத்தினால் அதற்கு உத்தரவு கொடுக்க முப்பது வரி பைத்தான். அவ்வளவே.

இனி அந்த நிபந்தனையின் இரண்டாம் பாதி. அணைச்சா அணையணும்.

அப்பா சுவர் சுவிட்சைத்தான் அணைப்பார். அதோடு எங்கள் தெருவில் கரண்டும் சொல்லாமல் போகும். லினக்ஸ் ஓடும் பலகைக்கு இது ஆகாது. மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் கோப்பு அமைப்பு சிதையும், அடுத்த முறை எழும்பாது. முதல் வடிவத்தை ஊரில் வைத்துவிட்டு வந்த பதினோராம் நாள் அப்பா போன் செய்தார். “பச்சை லைட் எரியுது, பாட்டு வரலைம்மா.” அவர் குரலில் கோபம் இல்லை, ஆனாலும் என் மனசு கேட்கவில்லை. ஒரு பொருளைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு, இதை இப்படி அணைக்கக் கூடாது என்று சொல்வது எந்த விதத்தில் நியாயம்? அவர் எண்பது வருஷமாக சுவிட்சை அணைத்துக்கொண்டுதான் இருக்கிறார். பொருள்தான் அவருக்கு ஏற்ப மாற வேண்டும்.

தீர்வு ராஸ்பி-கன்ஃபிக் என்ற, பலகையோடு வரும் அமைப்புக் கருவியிலேயே இருந்தது. ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்று ஒரு வசதி. அதை இயக்கிவிட்டால் மெமரி கார்டு படிக்க மட்டும்தான். எழுதுவதெல்லாம் ரேமில் நடக்கும், அணைத்ததும் மறைந்துபோகும். எப்போது பிடுங்கினாலும் கார்டுக்கு ஒன்றும் ஆகாது. பாட்டுகள் இருக்கும் பென் டிரைவையும் படிக்க மட்டும் என்று மாட்டினேன்.

அதில் ஒரு நஷ்டம் உண்டு. எந்தக் கேசட்டில் எந்த இடத்தில் நிறுத்தினோம் என்ற குறிப்பும் சேர்ந்து மறைந்துவிடும். முக்கால் மணி நேரக் கேசட் பக்கத்தை ஒவ்வொரு காலையும் முதலிலிருந்து கேட்பது எப்படி? அதற்காக மெமரி கார்டில் சின்னதாக ஒரு தனிப் பகுதி பிரித்து, எம்பிடியின் நிலைக் கோப்பையும் பாட்டுப் பட்டியலையும் மட்டும் அங்கே எழுதச் சொன்னேன். அந்தப் பகுதி கெட்டாலும் இடம் மட்டும்தான் மறக்கும், பெட்டி சாகாது. எம்பிடி தன் நிலையை 120 விநாடிக்கு ஒருமுறைதான் எழுதும். ஆகவே மறுநாள் போட்டால் நிறுத்திய இடத்துக்கு அதிகபட்சம் இரண்டு நிமிஷம் முன்னாலிருந்து தொடங்கும். அதைக் குறைக்கலாமா என்று அப்பாவைக் கேட்டேன். “வேணாம். ராகம் கொஞ்சம் பிடிபட்டு வர்றதுக்கு அது நல்லாத்தான் இருக்கு” என்றார்.

சுவிட்சைப் போட்டு முதல் ஸ்வரம் கேட்க ஏறக்குறைய அரை நிமிஷம் ஆகிறது. இது இன்னும் குறைந்தால் நல்லது. அப்பா பொருட்படுத்தவில்லை, வால்வு ரேடியோ சூடாகிப் பாட ஆரம்பிக்கும்வரை காத்திருந்த தலைமுறை. ஓவர்லே போட்ட பிறகு எதையாவது மாற்ற வேண்டுமென்றால் அதை நீக்கி, மறுபடி எழுப்பி, மாற்றி, திரும்பப் போட்டு, மீண்டும் எழுப்ப வேண்டும். அது உண்மையிலேயே சலிப்பூட்டும் வேலை. எல்லாச் சோதனையும் முடிந்த பிறகே ஓவர்லேயை இயக்குங்கள்.

கேசட்டை எண்ணாக்குவதுதான் நிஜமான உழைப்பு. நண்பரின் டெக்கை இரவல் வாங்கி, லேப்டாப்பில் அடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் வைத்துப் பதிகிறேன். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் போதும். கேசட்டுக்கு அதற்கு மேல் கொடுத்தால் சீறலைத்தான் நுணுக்கமாகப் பதிவோம். 90 நிமிஷக் கேசட் ஸ்டீரியோவில் அமுக்காமல் ஏறக்குறைய 950 எம்பி வரும். இழப்பில்லாத ஃப்ளாக் அதைச் சுருக்கும், ஆனால் சீறல் சுருங்காது என்பதால் குறுந்தகட்டுப் பாட்டு சுருங்கும் அளவுக்குச் சுருங்குவதில்லை. எம்பி3 வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய எம்பி3 குறிப்புகளில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியும் 3 பைட். நாதஸ்வரம் என்ற ஒரே சொல் 27 பைட் தின்றுவிடும். ஃப்ளாக்கில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது, எழுத்தும் யூனிகோடுதான்.

திரை வைக்கவில்லை. சின்ன எழுத்தைக் கண்ணாடி போட்டுத் தேடுவதை அப்பா விரும்பமாட்டார். அப்படியானால் எந்தக் கேசட் ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? இதற்குக் கண்ட வழியைத்தான் இந்தப் பெட்டியிலேயே எனக்கு மிகப் பிடித்தது என்பேன். ஒவ்வொரு கேசட்டும் ஓர் அடைவு. அந்த அடைவின் முதல் கோப்பு அப்பாவின் குரல். “திருவாவடுதுறை, மார்கழி மாசம், நல்ல பனி. தோடி முழுசா இருக்கு. நடுவுல ஒரு மாடு கத்தும்.” உறையில் பேனா மை அழிந்துபோன கேசட்டுகளில் என்ன இருக்கிறது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிப் பதிந்தோம். நான்காவது பொத்தானை அழுத்தினால் அடுத்த கேசட். முதலில் அவர் குரல் அறிவிக்கும், பிறகு சீவாளி சரிபார்க்கும் சத்தம், அப்புறம் கச்சேரி.

பெட்டிக்கு முதலில் பழைய தகர டப்பா ஒன்றை எடுத்தேன். மூடியதும் வைஃபை செத்துப்போனது. ஜீரோவின் ஆன்டெனா பலகையிலேயே இருக்கிறது, சுற்றித் தகரம் வைத்தால் அலை எங்கே போகும்? தெருமுனை ஆசாரி மாமரத்தில் ஒரு பெட்டி செய்து கொடுத்தார், 900 ரூபாய். அடாப்டரில் கஞ்சம் பிடிக்காதீர்கள். முதலில் ஒரு கடையில் வாங்கியதில் ஆம்ப்ளிஃபையர் வழியாக ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் வந்தது. 5 வோல்ட், 2.5 ஆம்பியர் தரும் நல்லதாக மாற்றியதும் போய்விட்டது. ஒலியளவை எம்பிடியில் தொடவே இல்லை, பழைய ஆம்ப்ளிஃபையரின் குமிழைத்தான் அப்பா திருகுகிறார். இந்தச் சிப்பில் ஒலியளவுக் கட்டுப்பாடு கிடையாது. மென்பொருளில் குறைத்தால் எண்ணிலேயே குறைப்பதாகும்.

44.1, 48 கிலோஹெர்ட்ஸ் இரண்டுக்கும் கடிகாரத் துடிப்பு தரும் தனித்தனி ஆஸிலேட்டர் வைத்த விலை கூடிய டாக் பலகைகளும் ஹைஃபைபெர்ரி போன்றவர்களிடம் உண்டு. நல்ல ஸ்டூடியோப் பதிவுகளும் நல்ல ஸ்பீக்கரும் இருப்பவர்கள் அதற்குப் போகலாம். மோனோ கேசட்டுக்கு 380 ரூபாய்ப் பலகையே மிச்சம்.

பலகை 1,750, டாக் 380, மெமரி கார்டு 400, 128 ஜிபி பென் டிரைவ் 850, அதை மாட்ட ஓடிஜி கேபிள் 120, அடாப்டர் 600, பொத்தானும் கம்பியும் 200, பெட்டி 900. ஆக 5,200 ரூபாய். ஈயம் வைக்கத் தெரியாதவர்கள் பின்கள் பொருத்தியே வரும் ஜீரோவையும், மேலே அப்படியே செருகும் டாக் பலகையையும் வாங்குங்கள், கூட ஆயிரம் இரண்டாயிரம் ஆனாலும் பரவாயில்லை.

118-இல் 77 கேசட் முடிந்திருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது மீதி 41-ஐயும் எடுத்து வர வேண்டும். நான்காவது பொத்தானைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறார். இருட்டில் கை அதில் பட்டுவிடுகிறதாம்.