ராயல் மின்ட் எக்ஸ்பீரியன்ஸ், லான்ட்ரிசன்ட்: இயந்திரத்தை விட நியூட்டன் சுவாரசியம்

வேல்ஸின் தலைநகர் கார்டிஃப் வரை போகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அரை நாள் மிச்சமிருந்தால் பக்கத்திலிருக்கும் லான்ட்ரிசன்டுக்கு ஒரு எட்டுப் போய் வாருங்கள், பிரிட்டன் புழங்கும் காசை அடிக்கிற ராயல் மின்ட் நாணயச்சாலை அங்கேதான் இருக்கிறது. 2016இலிருந்து பொதுமக்களையும் உள்ளே விடுகிறார்கள்.

தொழிற்சாலைப் பகுதிக்கு வழிகாட்டி கூடவே வருவார். உலோகத் தகட்டிலிருந்து வட்டமாக வெட்டி, உலையில் சூடாக்கி மிருதுவாக்கி, ஓரத்தை எழுப்பி, அப்புறம்தான் அச்சு. ஒரே இயந்திரம் நிமிடத்துக்கு எழுநூறு காசுக்கு மேல் தள்ளும். ஆனால் அச்சுக்கூடத்தைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும், அதனால் பெரிய எதிர்பார்ப்போடு போகாதீர்கள். பிள்ளைகளோடு போனால் காந்தம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்: பழைய 2 பென்ஸ் காசு வெண்கலம், ஒட்டாது, 1992இலிருந்து பெரும்பாலும் செம்பு பூசிய எஃகு, டக்கென்று ஒட்டிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது இங்கே இருக்கும் வரலாறுதான். பல நூற்றாண்டு லண்டன் டவர் கோட்டைக்குள் இருந்த நாணயச்சாலை இது. அங்கே இருந்த காலத்தில், 1696இல், ஐசக் நியூட்டன் இதில் வேலைக்கு வந்தார். பெரிய மனிதருக்குக் கொடுத்த சும்மா உட்காரும் பதவி என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள், மனிதரோ கள்ளக்காசு அடிப்பவர்களைத் தேடித் தேடிப் பிடித்தார், அதில் பேர்போன வில்லியம் சாலனர் 1699இல் தூக்கில் தொங்கினான். சுரண்டினால் தெரிந்துவிடும்படி காசின் ஓரத்தில் கோடு கோடாகப் போடும் யோசனையே நியூட்டனுடையது என்று இணையத்தில் சுற்றுகிறதே, அது தவறு. ஓரத்தில் கோடுகளோடு இயந்திரத்தில் அடித்த காசு 1660களிலேயே வந்துவிட்டது. சுத்தியலால் அடித்த பழைய வெள்ளிக்காசும் கூடவே புழங்கியதுதான் சிக்கல்: ஓரத்தைச் சுரண்டித் தேய்ந்த காசைச் சந்தையில் தள்ளிவிட்டு, எடை குறையாத புதுக் காசை உருக்கிவிட்டார்கள். பழையதையெல்லாம் திரும்ப வாங்கி மறுபடி அடிக்கிற அந்தப் பெரும் வேலையின் நடுவில்தான் நியூட்டன் வந்து சேர்ந்தார்.

வேல்ஸுக்கு ஏன் மாற்றினார்கள் என்பதும் நல்ல கதை. 1971இல் நூறு பென்ஸ் ஒரு பவுண்டு என்ற தசம முறைக்கு மாற கோடிக்கணக்கில் புதுக் காசு வேண்டும், லண்டனில் இடம் போதாது. அப்போதைய நிதியமைச்சர் ஜேம்ஸ் கலகன் கார்டிஃப் எம்.பி. தொழிற்சாலை எங்கே வந்தது பாருங்கள், நம்மூர் அமைச்சர்கள் தோற்றார்கள்! 1968இல் எலிசபெத் ராணி திறந்துவைத்தார், 1975இல் லண்டனில் கடைசிக் காசு அடித்தார்கள், அது சவரன் என்ற தங்க நாணயம்.

இப்போது ரொக்கம் குறைந்துவிட்டதால் வெளிநாடுகளுக்குக் காசு அடிப்பதை நிறுத்துவதாக 2024இல் அறிவித்தார்கள். பழைய மின்னணுப் பலகைகளிலிருந்து தங்கம் பிரிக்கும் வேலையைக் கையிலெடுத்திருக்கிறார்கள்.

தனிக் கட்டணம் கட்டினால் நீங்களே பட்டனை அழுத்தி ஒரு காசு அடித்து எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு அது போதும், பெரியவர்கள் அந்தப் பணத்துக்குக் காட்சிக்கூடத்தில் இன்னும் ஒரு மணி நேரம் நிதானமாகச் சுற்றலாம். நாணயம் சேர்ப்பவர்கள் தாராளமாகப் போகலாம். இயந்திரம் பார்க்க மட்டும் என்றால் கார்டிஃபிலேயே இருந்துவிடுங்கள்.