பழைய சின்ன பைக்குக்கு விலை போடுவது: வயதுக் கணக்கா, சந்தைக் கணக்கா?

100 சிசி முதல் 150 சிசி வரையிலான பழைய பைக்குக்கு விலை கண்டுபிடிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. புது வண்டி விலையிலிருந்து வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று கழித்துக்கொண்டே வருவது ஒன்று. அதே மாடல் இப்போது கைமாறும் விலையைப் பிடித்து, இந்த வண்டிக்கு ஆகவேண்டிய செலவை அதிலிருந்து கழிப்பது இன்னொன்று. டீலரிடம் கொண்டுபோய் நிறுத்தி, அவர் சொல்லும் தொகையை விலையாக எடுத்துக்கொள்வது மூன்றாவது. என் ஓட்டு இரண்டாவது வழிக்குத்தான். மற்ற இரண்டுக்கும் இடம் இருக்கிறது, ஆனால் சின்ன இடம்.

முதலில் வயதுக் கணக்கு. புது வண்டி விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். மீதமுள்ள மதிப்பில் வருடத்துக்கு 15 சதவீதம் கழித்தால் முதல் வருட முடிவில் 85, இரண்டாவதில் 72, மூன்றாவதில் 61, ஐந்தாவதில் 44, எட்டாவதில் 27, பத்தாவதில் 20. கால்குலேட்டரே போதும், வண்டியைப் பார்க்கக்கூட வேண்டாம். அதுதான் இதன் வசதி, அதுதான் இதன் கோளாறும். சிலர் வருடத்துக்கு நேராகப் பத்துப் பத்தாகக் கழிப்பார்கள். அப்படிப் போட்டால் பத்தாவது வருடம் வண்டி சும்மா கொடுக்க வேண்டியதாகிவிடும், ஓடுகிற வண்டியை யாரும் அப்படிக் கொடுப்பதில்லை.

இந்த வழியில் போவதென்றால் இரண்டு விஷயங்களைச் சரியாகப் பிடிக்க வேண்டும். 100 என்பது பழைய பில்லில் இருக்கும் விலை அல்ல. அதே மாடலின் இன்றைய விலை அல்லது அது நின்றுபோயிருந்தால் அதன் இடத்துக்கு வந்த மாடலின் விலை. வாங்குகிறவர் ஒப்பிடுவது இன்றைய ஷோரூம் விலையோடுதான். அடுத்து, வயதைத் தயாரான மாதத்திலிருந்து எண்ண வேண்டும், பதிவான தேதியிலிருந்து அல்ல. கிடங்கில் மாதக்கணக்கில் நின்றுவிட்டுப் பதிவான வண்டியும் உண்டு, விவரம் தெரிந்த வாங்குபவர் அதைக் கேட்காமல் விடமாட்டார். முதல் மூன்று வருடத்துக்குள் இருக்கும் வண்டிக்கு இந்தக் கணக்கு பெரிதாக ஏமாற்றாது. அதற்கு மேல் போகப் போக ஆட்டம் காண ஆரம்பிக்கிறது.

ஏன் என்றால், வண்டியின் விலை வருடா வருடம் இறங்குகிறது, அதன் பாகங்களின் விலை இறங்குவதில்லை. பெரிய பைக்கிலும் இதே கதைதான். ஆனால் சின்ன பைக்கில் மொத்த விலையே குறைவு என்பதால் அடி பலமாக விழுகிறது. அதே நூறு அளவுகோலில் செயின் ஸ்பிராக்கெட் செட் 2, பின் டயர் 2, பேட்டரி 1.5, ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் குழாய்கள்) ஆயில் சீல் கூலியோடு 1, ஹேண்டில் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) கூலியோடு 1 என்று வைப்போம். விகிதம் காட்டத்தான் இந்த எண்கள், உங்கள் மாடலின் விலைப்பட்டியலைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தம் 7.5. இரண்டு வருட வண்டியின் மதிப்பு 72 என்றால் இது பத்தில் ஒரு பங்கு, பேரத்திலேயே கரைந்துவிடும். எட்டு வருட வண்டியின் 27-இல் கால் பங்குக்கு மேல். பத்து வருட வண்டியின் 20-இல் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டுகிறது. இதோடு இன்ஜினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு), பிஸ்டன், ரிங், வால்வு வேலை பார்க்க ஒரு 8 சேர்த்தால், அந்தப் பத்து வருட வண்டியில் மிஞ்சுவது 4.5. ஆறேழு வருடம் தாண்டிய சின்ன பைக்கின் விலையைத் தீர்மானிப்பது வயது அல்ல, அடுத்து மாட்டவேண்டிய பாகங்களின் பட்டியல்.

சந்தைக் கணக்கு இந்தப் பட்டியலை நேராகக் கையில் எடுக்கிறது. அதே மாடல், அதே வேரியன்ட், வயதில் ஒரு வருடம் முன்னே பின்னே, ஓடிய தூரமும் ஏறக்குறைய ஒத்துப்போகிற மாதிரி எட்டு, ஒன்பது விளம்பரங்களைச் சேர்க்க வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டியையும் டிரம் வண்டியையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. எட்டு வருட வண்டிக்கு 24, 26, 27, 28, 30, 31, 33, 34, 41 என்று வந்தால் நடுவில் நிற்பது 30. சராசரி எடுத்தால் அந்த 41 மட்டுமே கணக்கை மேலே இழுத்துவிடும், நடு எண்தான் நம்பகமானது. இது கேட்கிற விலை, கைமாறும் விலை அல்ல. பேரத்துக்கு 5 முதல் 10 சதவீதம் தள்ளினால் 27, 28-இல் வந்து நிற்கும். வாரக்கணக்கில் கிடக்கிற விளம்பரம் கூடுதல் விலை சொல்கிறது என்று அர்த்தம். இரண்டே நாளில் காணாமல் போவதுதான் உண்மை விலைக்கு அருகில் இருப்பது.

இங்கே பலர் இரட்டைக் கழிவு செய்துவிடுகிறார்கள். விளம்பரத்தில் இருக்கும் வண்டிகளும் பழையவைதான். பாதி தேய்ந்த செயின், பாதி தேய்ந்த டயர் என்பது அந்த 28-க்குள் ஏற்கனவே அடங்கிவிட்டது. ஆகவே பாதி ஆயுள் மிச்சமிருக்கும் பாகத்துக்கு எதையும் கழிக்க வேண்டாம். மாற்றியே ஆகவேண்டும் என்கிற பாகத்துக்கு மட்டும் கழியுங்கள். கறாராகக் கணக்குப் போட்டால் அதற்கும் பாதி விலைதான் கழிய வேண்டும். ஆனால் அலைச்சலும் வண்டி நிற்கிற நாளும் வாங்குபவர் தலையில் என்பதால் அவர் முழுதாகக் கேட்பார். விற்பவர் பாதியில் நிற்பார், வாங்குபவர் முழுதில் நிற்பார், பேரம் நடப்பது இந்த இடைவெளியில்தான். போன மாதம் புது டயர் போட்டதற்கு விற்பவர் முழுக்காசையும் எதிர்பார்த்தாலும் பாதிக்கு மேல் தேறாது.

பட்டியல் போடக் கண் போதாது, கை வைக்க வேண்டும். பின் ஸ்பிராக்கெட்டின் பின்பக்கம் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தால் செட் முடிந்தது. அளந்து பார்ப்பதென்றால், சின்ன பைக்குகளில் வரும் 428 செயினில் ஒரு பிட்ச் (ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை) 12.7 மி.மீ., இருபது பிட்ச் புதிதில் 254 மி.மீ. இறுக்கிப் பிடித்து அளக்கும்போது 259-ஐத் தொட்டால் மாற்ற வேண்டியதுதான். செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பற்கள் புது செயினையும் சீக்கிரமே இழுத்துவிடும், எனவே முழு செட்டின் விலையைக் கழியுங்கள். டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) நிறைய இருந்தாலும் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3517 என்றால் 2017-இன் 35-வது வாரத்தில் தயாரானது. அந்த வயதில் ரப்பர் கல்லாகியிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டி, செல்ஃப் அழுத்தும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அதுவும் பட்டியலில் சேரும்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவர் பின்பக்கத்தை அமுக்க, முன் சக்கரம் காற்றில் நிற்கும்போது ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுவதுபோல் தட்டினால் கோன் செட் போயிற்று. ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருந்தால் உடனே சீல் விலையை எழுதிவிடாதீர்கள். ஃபோர்க் குழாயில் சீல் ஏறி இறங்கும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். துருப் புள்ளி தட்டுப்பட்டால் அது புது சீலையும் கிழிக்கும், குழாயையே மாற்ற வேண்டும், அப்போது 1 என்று எழுதிய இடத்தில் பல மடங்கு வரும். ஹேண்டில் முழுதாகத் திரும்பி முட்டும் இடத்தில், கழுத்துக்குக் கீழே, சின்ன நிறுத்து இரும்பு இருக்கும். அது நசுங்கியோ அங்கே பெயின்ட் வெடித்தோ இருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. சேசிஸ் வளைந்த வண்டிக்குக் கழித்தல் கணக்கே போடக் கூடாது, அது வேறு சரக்கு.

புகையைப் பார்க்க இன்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது நீலப் புகை வந்தால் ரிங், சிலிண்டர் பக்கம் சந்தேகம். ஐடிலிங்கில் நிறுத்திவிட்டு முறுக்கும்போது ஒரு கொத்துப் புகை வந்து அடங்கினால் பெரும்பாலும் வால்வு சீல். இரண்டுக்கும் செலவு வித்தியாசம் பெரிது. கம்ப்ரெஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் மீட்டர்) இருந்தால் இன்ஜினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கேஜை மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து, முள் ஏறுவது நிற்கும்வரை கிக் பண்ணுங்கள். அளவு குறைவாக வந்தால் பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முள் நன்றாக ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். வால்வு இடைவெளி இறுகியிருந்தாலும் அளவு குறையும், அதைச் சரிசெய்துவிட்டு ஒருமுறை பார்த்த பிறகே 8 என்று எழுதுங்கள்.

மீட்டரை மட்டும் நம்பி விலையை ஏற்றவோ இறக்கவோ வேண்டாம். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் மொழுக்கென்று இருந்து, பிரேக் டிஸ்க்கும் அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை நெருங்கியிருந்து, மீட்டர் மட்டும் 15,000 காட்டினால் ஒத்துப்போகவில்லை.

பார்த்து முடித்ததும் எட்டு வருட வண்டிகள் இரண்டை வைத்துப் பாருங்கள். ஒன்றில் மாற்ற எதுவும் இல்லை, 28. இன்னொன்றில் மேலே சொன்ன 7.5-க்கான வேலை, இருபதை ஒட்டி வரும். அதுவே புகையும் விட்டால் 12, 13. வயதுக் கணக்கு இந்த மூன்றுக்கும் 27 என்றுதான் சொல்லியிருக்கும்.

சந்தைக் கணக்குக்கும் பலவீனம் உண்டு. அபூர்வ மாடலுக்கு மூன்று விளம்பரம்கூடச் சிக்காது. அங்கே வயதுக் கணக்கில் தொடங்கி, பாகப் பட்டியலை மட்டும் கழிப்பதைத் தவிர வழியில்லை. பாகமே வராத மாடல் என்றால் அதற்கும் கீழே. இன்ஜெக்ஷன் வண்டிகளில் (கார்புரேட்டருக்குப் பதில் பம்ப் வைத்து பெட்ரோலைப் பீய்ச்சுபவை) ஃப்யூவல் பம்ப் போன்ற ஒற்றைப் பாகமே கணக்கைக் கவிழ்க்கும். பத்து வருடம் தாண்டிய இன்ஜெக்ஷன் சின்ன பைக்குகளைப் பற்றி, கார்புரேட்டர் வண்டிகளைப் பற்றிச் சொல்லும் உறுதியோடு நான் பேசமாட்டேன். கூடுதலாக மாட்டிய கிராஷ் கார்டு, சீட் கவர் எல்லாம் விலையில் ஏறாது. மாற்றிய சைலன்சர் விலையைக் குறைக்கும், ஒரிஜினல் இருந்தால் திரும்ப மாட்டிவிட்டு விற்பது நல்லது.

டீலர் சொல்லும் தொகை வண்டியின் மதிப்பு அல்ல. அவர் விற்கப்போகும் விலையிலிருந்து, தயார்செய்யும் செலவையும் லாபத்தையும் வண்டி விற்காமல் நிற்கும் ரிஸ்க்கையும் கழித்த மிச்சம். எக்ஸ்சேஞ்சில் கூடுதலாகத் தருகிறார் என்றால் புது வண்டியின் தள்ளுபடி அங்கே சத்தமில்லாமல் சுருங்கியிருக்கலாம். எனவே, எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் புது வண்டி என்ன விலை என்று முதலில் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பழைய வண்டியைக் கொடுத்தால் கையிலிருந்து போட வேண்டியது எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வண்டிக்கு அவர் கொடுக்கும் நிஜ விலை. சந்தைக் கணக்கில் வந்த தொகையை விட அது பத்து சதவீதம் வரை குறைவாக இருந்தால், அலைச்சலும் பேப்பர் மாற்றும் வேலையும் மிச்சம் என்று கொடுத்துவிடலாம். அதற்கு மேல் குறைந்தால் நீங்களே விளம்பரம் போடுங்கள்.