சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: செவன் வகைக் காருக்கு எந்த டிஃப்?

பிர்கின் கார்கள் உருவான பைன்டவுன் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. லோட்டஸ் செவன் என்ற லேசான இருவர் ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில் கட்டிய பழைய கிட் கார்கள் (பாகங்களாக வாங்கிச் சொந்தமாகப் பூட்டியவை) டர்பன் வட்டாரத்தில் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் டிஃப் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பல்சக்கரப் பெட்டி) ஊளையிட ஆரம்பித்ததும் எல்லாரும் கேட்பது, "எந்த டிஃப் பலமானது?" என்றுதான். 550 கிலோ எடையும் 1600 சிசி ஃபோர்டு கிராஸ்ஃப்ளோ எஞ்சினும் உள்ள காருக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அந்த டிஃப்பைச் சுற்றி இன்னும் எதையெல்லாம் மாற்ற வேண்டிவரும் என்பது. ஸ்கிராப்யார்டில் டிஃப் மலிவாகக் கிடைத்துவிடும். பிராக்கெட், பிராப்ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து டிஃப்புக்கு வரும் தண்டு), பிரேக், வீல் என்று வால் பிடித்து வருவதுதான் காசைத் தின்னும்.

எஞ்சினிலிருந்து வரும் விசையை இழுக்கும்போது மட்டும் ஊளை வந்து, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் அடங்கினால், அல்லது அதற்கு நேர்மாறாக நடந்தால், கிரவுன் வீலும் (டிஃப்புக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் கடிக்கும் இடம் தவறியிருக்கலாம், பினியன் பேரிங் தளர்ந்திருக்கலாம். விசை எப்படியிருந்தாலும் வேகத்தோடு மட்டும் கூடிக்குறையும் கரகரப்பு, வளைவில் மாறினால், சக்கரப் பேரிங்கைப் பாருங்கள். கிளட்ச் விடும்போது 'டொக்' என்றால் முதலில் பிராப்ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜாயின்ட்டைப் பிடித்து ஆட்டுங்கள். டிஃப் மேல் பழி போட்டுக் கழற்றிய பிறகு ஜாயின்ட்தான் காரணம் என்று தெரிவது ஒன்றும் புதிதல்ல.

அடுத்தது விகிதம்: சக்கரம் ஒரு சுற்று சுற்ற பிராப்ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. 185/60ஆர்13 டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.70 மீட்டர் உருளும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 980 சுற்று. நாலாம் கியர் நேரடி என்பதால், 3.54 டிஃப்பில் எஞ்சின் 3470 சுற்றும், 3.9-இல் 3820, 4.1-இல் 4020, 4.44-இல் 4350 சுற்றும் ஓடும். நெடுஞ்சாலை வரம்பான 120-க்கு இதை 1.2-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்: 3.9-இல் 4590. ஐந்து கியர் பெட்டி, ஐந்தாவது 0.82 என்றால், அதே 120-இல் 3.92 டிஃப்போடு 3780 போதும்.

இங்கே நம் ஊர்க்கணக்கு ஒன்று உண்டு. டர்பன் கடல் மட்டம். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1750 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத எஞ்சினின் பலமும் அந்த அளவுக்கு இறங்கும். கடற்கரையில் 3.54 சுகமாக ஓடும்; மேலே ஹைவெல்டில் அதே கார் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அங்கு ஓடும் காருக்கு 3.9 அல்லது 4.1.

விகிதம் தெரியாத ஆக்ஸிலில் கணக்கிடுவது சுலபம். பின்சக்கரம் ஒன்றை அசையாமல் கட்டிவிட்டு, மற்றதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். பினியன் ஃபிளாஞ்சின் (பிராப்ஷாஃப்ட் மாட்டும் வட்டத் தகடு) சுற்றை எண்ணுங்கள். அதுவே விகிதம். ஒரு சுற்று மட்டும் சுற்றிவிட்டு "1.95" என்று குழம்புபவர்கள் பலர். ஸ்லிப்பைக் கட்டுப்படுத்தும் எல்எஸ்டி உள்ள டிஃப்பில் இது செல்லாது. இரண்டு சக்கரத்தையும் தூக்கிச் சேர்த்து ஒரு சுற்று சுற்றுங்கள். டிஃப் பெட்டி கையில் இருந்தால் பல்லை எண்ணுவதே நிச்சயம்: 39-க்கு 11 என்றால் 3.54, 39-க்கு 10 என்றால் 3.9.

இனி போட்டியாளர்கள். 1968-இல் வந்த மூன்றாம் வரிசை லோட்டஸ் செவனில் ஃபோர்டு எஸ்கார்ட்டின் பின்ஆக்ஸில்தான் இருந்தது. நம் கார்கள் பலவற்றிலும் அந்த 'இங்கிலீஷ்' ஆக்ஸிலே. அதன் பெரிய வசதி, ஹாஃப் ஷாஃப்டை (டிஃப்பிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) வெளியே இழுத்து, பிராப்ஷாஃப்டைக் கழற்றி, முன்முகத்து நட்டுகளை எடுத்தால் டிஃப் உருண்டை மொத்தமாகக் கையில் வந்துவிடும். ஆக்ஸில் குழாய், பிராக்கெட், பிரேக் எதையும் தொடவேண்டாம். ஒரு கண்ணி மட்டும்: ஹாஃப் ஷாஃப்டின் உள்முனையில் 16 பல்லும் உண்டு, 22 பல்லும் உண்டு. வாங்கப் போகும்போது உங்கள் ஷாஃப்ட் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். க்வைஃப் நிறுவனத்தின் பல்சக்கர எல்எஸ்டியும் இந்தப் பெட்டிக்குக் கிடைக்கிறது. பலவீனம் ஹாஃப் ஷாஃப்ட். ஒட்டும் டயரோடு கிளட்சை டக்கென்று விட்டால் முறுகி ஒடியும். தெருவில் ஓட்டும் காருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

ஆனால் குழாய் நேராக இருக்க வேண்டும். பின்சக்கரங்களின் முன்விளிம்பு, பின்விளிம்பு இரண்டிலும் இடைவெளியை அளந்து பாருங்கள். இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசம் தெரிந்தால், சக்கரங்களை அரைச்சுற்று சுற்றி மறுபடி அளந்து பாருங்கள். வித்தியாசம் சக்கரத்தோடு சுற்றிவந்தால் ஷாஃப்டோ ரிம்மோ வளைந்திருக்கிறது. இருந்த இடத்திலேயே நின்றால் குழாய். டர்பனின் உப்புக்காற்றில் வருடக்கணக்காக நின்ற ஆக்ஸில் என்றால் அடிப்பள்ளத்துத் தகட்டையும் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும்.

எஸ்கார்ட் குழாய் கெட்டுப்போனால் நம் அடுத்த தேர்வு பின்சக்கர இழுவை கொரோலா ஆக்ஸில். டொயோட்டாவின் தொழிற்சாலை டர்பனின் பிராஸ்பெக்டனில் இருப்பதாலோ என்னவோ, அதன் பாகங்களுக்கு இங்கே தட்டுப்பாடு குறைவு. இதிலும் டிஃப் முன்பக்கமாகக் கழன்று வரும். பிரச்சினை சக்கரத்தில்: ஃபோர்டு போல்ட் வட்டம் 4×108 (108 மி.மீ. வட்டத்தில் நான்கு போல்ட்), டொயோட்டாவுக்கு 4×114.3. முன்னால் ஃபோர்டு ஹப், பின்னால் டொயோட்டா என்றால் ஒரு ஸ்பேர் வீல் இரண்டுக்கும் பொருந்தாது. ஃபிளாஞ்சை 45 டிகிரி தள்ளிப் புதிதாகத் துளையிடலாம், லேத்காரர் சரியானவராக இருந்தால். துளைக்கும் ஓரத்துக்கும் இடையில் எவ்வளவு இரும்பு மிஞ்சுகிறது என்று பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். ஸ்பிரிங் பீடங்களை அறுத்தெடுத்து டிரெய்லிங் ஆர்ம் (ஆக்ஸிலைச் சேஸிஸோடு முன்பின்னாகப் பிடிக்கும் கம்பி) பிராக்கெட் பற்றவைக்கும்போது குழாய் வாழைப்பழம் போல வளையும். ஹப்பிலிருந்து ஹப்புக்கு நேர்க்கம்பி மாட்டி, எதிரெதிர்ப் பக்கமாக 20 மி.மீ. துண்டு துண்டாகப் பற்றவைத்து ஆறவிடுங்கள். பினியன் மூக்கின் கோணம் கியர்பாக்ஸ் ஷாஃப்டுக்கு இணையாக இருக்கட்டும். பின்டிரம் பெரிதானால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். வீல் சிலிண்டரின் விட்டத்தைப் பழையதோடு ஒப்பிடுங்கள்.

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் ஆக்ஸில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: எடைக்காகவே வேண்டாம். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடினால் குண்டும் குழியுமான சாலையில் இந்த லேசான கார் தவளையாகத் தாவும்.

நிஸான் 1400 பக்கியை (சின்ன பிக்கப்) பிரிட்டோரியா அருகே ரோஸ்லினில் 2008 வரை கட்டினார்கள். அதனால் அதன் ஆக்ஸில் எங்கும் கிடைக்கும், மலிவு, குறுகலானதும்கூட. கிரவுன் வீல் சிறியது. மாற்றங்கள் செய்யாத 1300, 1600-க்குத் தாங்கும். கேம், இரட்டைக் கார்புரேட்டர் என்று போனவர்கள் வேறு பாருங்கள். கொரோலாவுக்குச் சொன்ன பற்றவைப்பு வேலை இதற்கும் அப்படியே உண்டு.

ஃபோர்டு சியராவும் பிஎம்டபிள்யூ இ30-உம் வேறு சாதி. டிஃப் சேஸிஸில் தொங்கும், சக்கரங்கள் தனித்தனி. சியராவின் 7 அங்குல டிஃப் 3.62, 3.92 விகிதங்களில் உண்டு. வெளிஷாஃப்ட் போல்ட் போட்டதா செருகுவதா என்று பார்த்து ஜோடியாகவே வாங்குங்கள். இ30-இல் நான்கு சிலிண்டர் கார்களில் 168 மி.மீ. சின்னப் பெட்டி, 325ஐ-இல் 188 மி.மீ. பெட்டி, தகட்டில் விகிதத்துக்கு முன் 'எஸ்' என்றிருந்தால் எல்எஸ்டி. ஆசை வரும். ஆனால் முழுஆக்ஸில் சேஸிஸில் இவற்றைத் தொங்கவிடுவது என்றால் என்ன என்று கணக்குப் போடுங்கள்: 125 நியூட்டன்-மீட்டர் எஞ்சின், 2.97 முதல் கியர், 3.9 டிஃப் சேர்ந்தால் சக்கரத்தில் 1450. அந்த முறுக்கை டிஃப்பின் முன்பின் பிடிமானங்கள் 250 மி.மீ. இடைவெளியில் தாங்கினால், ஒவ்வொன்றிலும் சுமார் 590 கிலோ இழுப்பு. செவனின் 25 மி.மீ. சதுரக் குழாயில் ஒரு தகட்டை ஒட்டி அதில் மாட்டினால் விரிசல் விடும். தனிச்சக்கர அமைப்போடு பிறந்த சேஸிஸுக்கு மட்டும் இவை.

எந்தப் பெட்டியானாலும் யார்டில் வாங்கும் முன் பினியன் ஃபிளாஞ்சை மேலும் கீழும் ஆட்டுங்கள், கொஞ்சமும் ஆடக்கூடாது. எண்ணெயில் வெள்ளிச் சாந்து கொஞ்சம் இருப்பது இயல்பு, விரலில் உறுத்தும் துணுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். பால் நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பேரிங்கில் துருக்குழி இருக்கும். ரசீது வாங்கி வையுங்கள்.

கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி. ஒரு பெட்டியின் கிரவுனை இன்னொன்றின் பினியனோடு சேர்த்தால் எந்த ஷிம்மும் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய வளையத் தகடு) ஊளையை நிறுத்தாது. பல் இடைவெளி பொதுவாக 0.10 முதல் 0.20 மி.மீ., கிரவுனைச் சுற்றி நான்கு இடத்தில் டயல் கேஜால் பார்க்க வேண்டும். மை தடவிச் சுற்றும்போது தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். உச்சியில் விழுந்தால் பினியன் கிரவுனிலிருந்து விலகி நிற்கிறது, அடியில் விழுந்தால் மிகவும் உள்ளே போயிருக்கிறது.

ஒழுகும் பினியன் சீலை மட்டும் மாற்றப்போய்க் கெடுத்துக்கொள்வதும் சகஜம். நசுங்கும் ஸ்பேசர் உள்ள பெட்டியில், நட்டைக் கழற்றும் முன் ஃபிளாஞ்சில் நூல் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்து இழுவையைக் குறித்து வையுங்கள். நட்டின் இடத்தையும் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் குறியுங்கள். ஏர்கன்னால் ஒரே இறுக்காக இறுக்கினால் ஸ்பேசர் அளவுக்கு மீறி நசுங்கி, பேரிங் சில நூறு கிலோமீட்டரில் வெந்துவிடும். தளர்த்தித் திரும்ப இறுக்கினால் சரியாகாது. புதிய ஸ்பேசர்தான் வழி.

எஸ்கார்ட் பெட்டிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் 80டபிள்யூ-90, ஜிஎல்-5 எண்ணெய்; பக்கத்துத் துளையில் வழியும் வரை. காற்றோட்டத் துளை அடைத்திருந்தால் புதுச் சீலும் ஒழுகும், அதைக் கம்பியால் குத்திவிடுங்கள். முதல் பயணம் இருபது நிமிடம், பிறகு முழுதாக ஆறட்டும். 500 கி.மீ. வரை ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் முழு ஆக்ஸிலரேட்டர் வேண்டாம்; அதன்பின் எண்ணெயை வடித்து மாற்றுங்கள்.