குட்டிக் காயும் குட்டி டப்பாவும்: எது நிஜமாவே ஜெயிக்குது?

எங்க வீட்டு ஏழு வயசுக்காரிக்கு எதுவுமே சின்னதா இருக்கணும். காய்னா விரல் அளவு, மிட்டாய்னா ஏதாவது டப்பாவைத் திருகினா ஒண்ணொண்ணா வந்து விழணும். அவளுக்காக ஒரு வருஷமா ஒவ்வொண்ணா வாங்கிப் பாத்ததுல எனக்கும் இதுல ஆசை ஒட்டிக்கிச்சு, அதான் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதிடலாம்னு.

மொதல்ல பேபி கேரட். பாக்கெட்டுல மொழுமொழுன்னு வருதே அது பிஞ்சு இல்ல, முழுசா வளந்த கேரட்டை வெட்டி இழைச்சது. கலிபோர்னியாவுல மைக் யூரோசெக்னு ஒரு விவசாயி, கோணலா இருக்கு உடைஞ்சிருக்குன்னு கடைக்காரங்க கழிச்சுப் போடற கேரட்டெல்லாம் வீணாப் போகுதேன்னு, பீன்ஸ் நறுக்கற மெஷின்ல விட்டு ரெண்டு இஞ்சு துண்டாக்கி தோல் சீவி 1986-ல விக்க ஆரம்பிச்சாரு. அந்த யோசனைக்கு ஒரு கும்பிடு. ஆனா தோல் போனதால ரெண்டு நாள் ஃப்ரிட்ஜ்ல கிடந்தா மேல வெள்ளையா பூத்துப் போகுது, இனிப்பும் சுமார்தான். ஊட்டி கேரட்டை மண்ணைக் கழுவிட்டு அப்படியே கடிச்சவங்களுக்கு இது பத்தாது.

பேபி கார்ன்தான் உண்மையான பிஞ்சு. மக்காச்சோளக் கதிர்ல பட்டுநூல் எட்டிப் பாக்கற நேரத்துலயே, மணி பிடிக்கறதுக்கு முன்னாடி ஒடிச்சிடணும், கொஞ்ச நாள் விட்டாலும் தக்கை முத்திடும். அதனாலதான் தக்கையோட சேத்துக் கடிக்க முடியுது. தனியா ருசின்னு பெருசா கிடையாது, மசாலா எதப் போட்டாலும் வாங்கிக்கும். செர்ரி தக்காளி அழகு, வாயில வெடிக்கும், விலையும் வெடிக்கும், அவ்ளோதான்.

இப்ப சுண்டைக்காய்க்கு வாங்க. கத்தரிக்காயோட நெருங்கின சொந்தம், கத்தரியை ஒட்டுக் கட்டறதுக்கே சுண்டைச் செடியை அடிச்செடியா வைப்பாங்க. இது எதோட பிஞ்சும் இல்ல, எதையும் வெட்டி எடுத்ததும் இல்ல, முழுசா வளந்தாலே அதோட சைஸ் அவ்ளோதான். மிதிபாகல், கோவைக்காய், சின்ன வெங்காயம் எல்லாமே இதே கட்சி. இதுல நான் ஒண்ணு கவனிச்சேன், நாலு சுண்டைக்காயைக் கையில எடுத்தா நாலும் நாலு அளவுல இருக்கும். பேபி கேரட் பாக்கெட்டைக் கொட்டினா ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே தெரியாது. இந்த வித்தியாசம் டப்பா விஷயத்துலயும் வருது, பாருங்க.

டப்பால ராஜான்னா பெஸ்தான். 1927-ல வியன்னாவுல எடுவார்ட் ஹாஸ்னு ஒருத்தர் ஆரம்பிச்ச புதினா மிட்டாய், புதினாவுக்கு ஜெர்மன்ல பெஃபர்மின்ட்ஸ்னு பேரு, அதை இங்கிலீஷ் எழுத்துல Pfefferminz-னு எழுதுவாங்க, அதுல முதல், நடு, கடைசி எழுத்தை எடுத்து PEZ, பெஸ். சிகரெட்டை விடணும்னு நினைக்கறவங்களுக்காக வந்தது, அதனால 1940-கள் கடைசியில வந்த முதல் டிஸ்பென்சரும் சிகரெட் லைட்டர் மாதிரிதான் இருந்துச்சு, பொம்மைத் தலையெல்லாம் அமெரிக்கா போனப்புறம் வந்தது. தலையைப் பின்னால சாய்ச்சா கழுத்துலேந்து ஒரு செங்கல் மிட்டாய் எட்டிப் பாக்கும், கீழ இருக்கற ஸ்ப்ரிங் அடுத்ததை மேல தள்ளும். பன்னெண்டையும் உள்ள அடுக்கறதுதான் பாடு, ஒண்ணு சாஞ்சா மொத்தமும் தரையில. ஆனா பொண்ணு பொறுமையா அடுக்கிட்டு நமக்கு ஒண்ணு நீட்டுவா பாருங்க, அதுக்காகவே வாங்கலாம். மிட்டாயை விட டப்பாதான் விலை ஜாஸ்தி, சுண்டைக்காய் கால்பணம் சுமைகூலி முக்கால்பணம்னு பெரியவங்க சொன்னது இதுக்கு அச்சு அசலாப் பொருந்துது.

அடுத்து திருகற மெஷின், கண்ணாடி உருண்டைக்குள்ள கலர் கலரா பபிள்கம் இருக்குமே அதோட வீட்டு மாடல், ஆன்லைன்ல வாங்கினேன். உள்ள ஒரு வட்டத் தட்டு, அதுல ஒரு உருண்டை உக்கார்ற அளவு குழி, திருகினா குழி நகந்து வாய்க்கு வந்து கொட்டும். உருண்டை எல்லாம் ஒரே அளவு இருந்தாத்தான் வேலை செய்யும். ஜெம்ஸ் ஓரளவு வந்துச்சு. வறுத்த கடலை போட்டேன், குறுக்கால சிக்கி நின்னுடுச்சு, பொட்டுக்கடலை சந்துல புகுந்து கரகரன்னு கொட்டிடுச்சு. சுண்டைவத்தலை வறுத்து ஆறவச்சுப் போட்டுப் பாத்தோம், மூணாவது திருகுல காம்பு மாட்டிக்கிச்சு, கைப்பிடி அசையவே இல்ல.

ஆக, அளந்து குடுக்கணும், ஒண்ணுக்கு மேல கேக்கக்கூடாதுன்னா பெஸ்தான், எண்ணிக்கை அதுவே சொல்லிடும். பர்த்டே பார்ட்டிக்கு நாலு பசங்க வராங்கன்னா திருகற மெஷின், ஆனா உருண்டை மிட்டாய் மட்டும் போடுங்க. லஞ்ச் பாக்ஸுக்கு பேபி கார்ன் வதக்கினது, பேபி கேரட்டை விட ஒரு படி மேலதான். ருசிக்குன்னு கேட்டா நான் யோசிக்காம சுண்டைக்காய் பக்கம் நிப்பேன். புளிச்ச மோர்ல ஊறப்போட்டு, வெயில்ல காயவச்சு, நல்லெண்ணெயில பொரிச்சு எடுத்தா அந்த கசப்பும் உப்பும் புளிப்பும் தயிர்சாதத்தோட சேர்றதுக்கு எந்த ஊர் குட்டிக் காயும் கிட்ட வராது.

அதுக்கு மெஷினும் வேணாம். இப்பல்லாம் வத்தல் பரணி பொண்ணு பொறுப்புதான், சாப்பிட உக்காந்ததும் மூடியைத் திறந்து ஆளுக்கு அஞ்சு எண்ணி வைக்கிறா, பாட்டிக்கு மட்டும் ஏழு, அதுவும் பொடிசாப் பாத்துப் பொறுக்கி.